பால் பூத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை

7 டிசம்பர் 1981, திங்கள்

பனிமூட்டம். எதிர் பிளாக்கே தெரியவில்லை. அப்பாவுக்குச் சளி, ஆகவே பால் வாங்குவது என் தலையில். சால்வை, வயர் கூடை, காலி பாட்டில்கள், டோக்கன்.

பூத் வாசலில் ஆட்கள் குறைவு, கற்கள் அதிகம். டெல்லி கிட்வாய் நகரில் இதுதான் சட்டம். விடியுமுன் வந்து ஒரு செங்கலையோ கூடையையோ உடைந்த ஜாடியையோ வைத்துவிட்டுப் போய்த் தூங்கலாம். பூத் திறக்கும்போது அந்த இடம் நமக்குத்தான். அப்பாவின் நீல வயர் கூடை எப்போதும் மூன்றாவது. ஆபீஸில் கிடைத்த பிரமோஷனைவிட இதில் பெருமை அதிகம்.

திருப்பத்தில் தமிழ் கேட்டது. ஸ்டேடியம் கட்டும் வேலைக்குப் போகிற சேலத்துப் பெண்கள், லாரிக்குக் காத்துக்கொண்டு. சாக்கடைக்கு அந்தப் பக்கக் குடிசைகளில் இருப்பவர்கள். ஒருத்தி குனிந்து இருமினாள். முகம் தெரியும் முன்பே யாரென்று தெரிந்துவிட்டது. கண்ணம்மாள். காசநோய். தினமும் எங்கள் டிஸ்பென்சரிக்கு ஊசிக்கு வர வேண்டியவள், கொஞ்ச நாள் வந்தாள், இப்போது இரண்டு வாரமாகக் காணோம்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"ஒம்போது மணிக்குத்தானுங்க ஊசி ரூமு தொறக்கறாங்க. மேஸ்திரி லாரி ஏழுக்கெல்லாம் வந்துருது. ஊசி போட்டா இருமல் நிக்கும். வேலைக்குப் போகலீன்னா அடுப்பு நிக்கும். எது நிக்கலாம்னு நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா."

லாரி வந்தது. ஏறும்போது வரிசையைக் காட்டி, "எங்கூர்ல கல்ல வெச்சா சாமியாயிரும். இங்க ஆளாயிருதுங்களே" என்றாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு இருமலில் முடிந்தது.

வீட்டுக்குப் போனால் ஒரு பாட்டில் குறைவு. என் முறை வந்தபோது வரிசையில் நான் இல்லை. அம்மா காலி பாட்டிலை மேடையில் டொக்கென்று வைத்தாள். சொல்லாமலிருப்பதை நன்றாகவே சொல்வாள்.

9 டிசம்பர், புதன்

டிஸ்பென்சரியில் கண்ணம்மாளின் கார்டை எடுத்துப் பார்த்தேன். குறுக்கே சிவப்பு மையில் 'டிஃபால்டர்', சிகிச்சையைப் பாதியில் விட்டவள். பாதி கார்டுகளில் இதே சிவப்பு. எழுதியது பெரும்பாலும் எங்கள் கைதான். சேர்ந்த புதிதில் நானும் எழுதியிருக்கிறேன், யோசிக்காமல்.

பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு எந்த மருந்தும் கேட்காது. பாடமாகச் சொன்னால் ஒரு வரி. அவளுக்கு வயது இருபத்துமூன்று.

தூங்குமுன் நாவல். கதாநாயகிக்கு இதே நோய். ஜன்னலோரம் சாய்ந்திருக்கிறாள், வெள்ளைக் கைக்குட்டை, பியானோ. மூடி வைத்துவிட்டேன். கதையில் இந்த நோய் வந்தவர்கள் யாரும் தலையில் செங்கல் சுமப்பதில்லை.

10 டிசம்பர், வியாழன்

யோசனை எப்போது வந்ததென்று தெரியவில்லை. தலை வாரும்போது இருக்கலாம். லாரி நிற்பது பூத்துக்குப் பக்கத்தில். நான் இருப்பது பூத்துக்குப் பின்னால். ஊசி மட்டும் ஏன் மூன்று மைல் தள்ளி?

மேடத்திடம் கேட்டேன். மேடம் பஞ்சாபி, எங்கள் டிஸ்பென்சரிக்குத் தலைமை. அதிகம் பேசாதவர். கண்ணாடியைக் கழற்றினார். நாம் டாக்டர்களா, பால்காரர்களா என்று ஹிந்தியில் கேட்டார். பால்காரர் ஆறு மணிக்குத் திறக்கிறார் மேடம் என்றேன். சொன்ன பிறகுதான் பயம்.

மேடம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். ஏற்கெனவே இந்த ஊசி போட்டு ஒன்றும் ஆகாதவள்தானே? ஆமாம். அவசர மருந்துகள் கையிலிருக்க வேண்டும். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

கார்டிலிருந்த சிவப்பு எழுத்தை அடிக்கலாமா என்றேன். "அடிக்காதே. கீழே காரணத்தை எழுது." எழுதினேன்: ஊசி அறை ஒன்பது மணிக்குத் திறக்கிறது. மேடம் படித்துவிட்டு அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலி தெரியவில்லை.

வாங்க: ஸ்பிரிட். பஞ்சு. கரோல் பாக் போனால் அம்மாவுக்குக் காப்பிப்பொடி, எனக்குக் கையுறை.

13 டிசம்பர், ஞாயிறு

வெயில். மொட்டை மாடி முழுக்கக் காயப்போட்ட ரஜாய்ப் போர்வைகள்.

வீட்டில் சொல்லியாக வேண்டியிருந்தது, சிரிஞ்சைக் கொதிக்க வைக்கப் பாத்திரம் வேண்டுமே.

"எந்தப் பாத்திரத்துல?" அம்மா.

"ஏதாவது ஒண்ணு தாம்மா."

"ஏட்டி, ஏதாவதுன்னு ஒரு பாத்திரம் எங்கிட்ட கிடையாது. எல்லாத்துக்கும் பேர் உண்டு."

கடைசியில் அடி நசுங்கிய இட்லிக் கொப்பரை வந்தது. இனி அது எனக்கே. அடுக்களைப் பக்கம் திரும்ப வரக் கூடாது.

அப்பாவின் கவலை வேறு. "காலனிக்காரங்க ஒத்துக்கிடுவாங்கன்னு நெனைக்கியா? வியாதிக்காரி நிக்கான்னு தெரிஞ்சா பூத்தையே மாத்தச் சொல்லி மனு போடுவாங்க. பதினாறு வருசமா நிக்கிற வரிசைம்மா."

திருநெல்வேலியை விட்டு வந்து இத்தனை காலமாகியும் அப்பாவுக்கு இங்கே நிச்சயமான இடம் அந்த மூன்றாவது இடம்தான். எனக்குப் புரிந்தது. ஆனாலும் சரி என்று சொல்லவில்லை.

15 டிசம்பர், செவ்வாய்

முதல் நாள். இருட்டு. பூத்தின் பின்சுவரோரம், காலிப் பெட்டிகள் அடுக்கும் இடம். பூத்காரர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "பைட்டியே டாக்டர் சாப்" என்று உட்காரச் சொன்னார்.

கண்ணம்மாள் வந்தாள். நம்பிக்கையில்லாத முகம். ஊசி, மாத்திரை, என் எதிரிலேயே தண்ணீர். முடிந்துவிட்டதா என்பதுபோல் பார்த்தாள்.

"அவ்வளவுதானுங்களா? இதுக்கா அன்னிக்கெல்லாம் ஒரு நாள் கூலி போச்சு?"

பிறகு, கார்டில் சிவப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நீ சரியாக வரவில்லை என்று எழுதியிருக்கிறது, கீழே ஏன் என்றும் எழுதியிருக்கிறது என்றேன். "ரெண்டும் நெசந்தான்" என்று சொல்லி லாரிக்கு ஓடினாள்.

கை விறைத்துப்போயிற்று. காப்பி அமிர்தம்.

19 டிசம்பர், சனி

சோப்ரா ஆன்ட்டி, மேல் வீடு. வரிசையில் எல்லார் காதிலும் விழும்படி: "பேட்டி, யே பீமாரி இதர் மத் லாவோ." இந்த வியாதியை இங்கே கொண்டுவராதே என்கிறார்.

கண்ணம்மாளுக்கு அந்த அளவு ஹிந்தி புரியும். முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

ஆன்ட்டி, வியாதியை நான் கொண்டுவரவில்லை, தினமும் இந்தத் திருப்பத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறது. நான் கொண்டுவருவது மருந்து என்றேன். ஒழுங்காகப் போட்டால் சில வாரங்களில் இவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது. போடாவிட்டால்தான் நாம் எல்லோரும் பயப்பட வேண்டும்.

அப்பா தன் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் கொஞ்சம் வலித்தது.

நாளை கண்ணம்மாள் வராவிட்டால்?

20 டிசம்பர், ஞாயிறு

வந்தாள். ஞாயிறு லாரி கிடையாது, இருந்தும் வந்தாள். நான்தான் தூங்கிப்போய்ப் பிந்தினேன். அம்மா எழுப்பினாள்: "கொதிச்சு எவ்வளவு நேரமாச்சு. உன் ரோகி அங்க குளிர்ல நிப்பா." கொப்பரையை அடுப்பில் ஏற்றியது அம்மா. பால் பாத்திரத்துக்குப் பக்கத்து அடுப்பிலேயே.

22 டிசம்பர், செவ்வாய்

மாடிப்படியில் சோப்ரா ஆன்ட்டி வழி மறித்தார். மறுபடி சண்டை என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, தன் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் லட்சுமிக்கு ரொம்ப நாளாக இருமல் என்றார். டிஸ்பென்சரிக்குப் போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறாளாம். ஏன் என்று கேட்டேன்.

"காலையில் போய்விட்டால் என் பாத்திரத்தை யார் தேய்ப்பது?"

சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். நாளை பூத்துக்கு அனுப்புகிறேன், வேலைக்கு மெதுவாக வரட்டும் என்றார்.

லட்சுமி இருப்பதும் அதே குடிசைகளில். சளி எடுத்து வர ஆன்ட்டியிடமே டப்பா கொடுத்தேன்.

சித்தி கடிதம். எனக்கு வரனாம், பையன் நாக்பூராம், சொந்த கிளினிக் வைத்துக் கொடுப்பானாம். கடிதம் டிக்ஷனரிக்குள்.

25 டிசம்பர், வெள்ளி

லீவு. ஆனால் ஊசிக்கு லீவு இல்லை.

கண்ணம்மாளுக்கு இருமல் குறைந்திருக்கிறது. ராத்திரி முழுக்கத் தூங்கினாளாம். "எம் புருசன் பயந்துபோயி மூக்குக்கிட்ட கைய வெச்சுப் பாத்திருக்காருங்க, மூச்சு வருதான்னு." இன்னும் எத்தனையோ மாதம் மாத்திரை இருக்கிறது, இருமல் நின்றதும் நிறுத்திவிடக் கூடாது என்று சொன்னேன். "நீங்க பெட்டிய கவுத்துப் போட்டு உக்காந்திருந்தா நான் ஏன் நிறுத்தறேன்?"

மேல்படிப்புக்கு மகப்பேறா, இதுவா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்று எழுதி வைக்கிறேன்: இது. நோய் நுரையீரலில் மட்டும் இல்லை. லாரி வரும் நேரத்திலும் இருக்கிறது, நாங்கள் கதவு திறக்கும் நேரத்திலும் இருக்கிறது. நுரையீரலைப் பார்க்க நிறையப் பேர் உண்டு.

மூக்கு ஒழுகுகிறது. சுக்கு தட்டிப் போட்டாள் அம்மா.

28 டிசம்பர், திங்கள்

இந்தக் குளிர்காலத்திலேயே மோசமான பனி. நீட்டிய கை தெரியவில்லை. அப்பா முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார்.

பின்சுவரோரம் என் பெட்டி. அதன் எதிரில் கால் தடுக்கிற்று. செங்கல். அதன் பின்னால் இன்னொரு செங்கல், ஒரு கருங்கல், வாயுடைந்த மண் பானை, ஒற்றை ரப்பர் செருப்பு. பால் வரிசை திசை மாறிவிட்டதென்று நினைத்து நகர்த்தப் போனேன்.

"தள்ளீராதீங்க டாக்டரம்மா." கண்ணம்மாள், கைகளைத் தேய்த்துக்கொண்டு. "ஆளுங்கதான். செங்கல்லு நானு. பின்னாடி செங்கல்லு லட்சுமிக்கா. கருங்கல்லு மேஸ்திரி சம்சாரம், புள்ளத்தாச்சி, காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. பானையும் செருப்பும் எங்க குடிசைப் பக்கத்துப் பொண்ணுங்க. எல்லாம் தீ மூட்டி ஒக்காந்திருக்குதுங்க. கூப்பிட்டா வந்துரும்."

மேஸ்திரி சம்சாரம் கூட. அப்படியானால் லாரி கொஞ்சம் காத்திருக்கும்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். லட்சுமியின் சளியில் கிருமி இருக்கிறது, சனிக்கிழமையே ரிசல்ட் வந்துவிட்டது. டிஸ்பென்சரியில் எக்ஸ்ரே எடுத்து மருந்து ஆரம்பிக்க ஒரு நாள் லீவு, சோப்ரா ஆன்ட்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார். பையிலிருந்த கருவியில் பார்த்தால் புள்ளத்தாச்சிக்கு ரத்த அழுத்தம் அதிகம், இன்றே மேடத்திடம் அழைத்துப்போக வேண்டும். கிளம்பத் தயாராக நிற்கிறாள்.

வெளிச்சம் வந்தது. செருப்புக்கும் பின்னால், கடைசியாக, நீல வயர் கூடை. உள்ளே இரண்டு காலி பாட்டில்கள்.

கண்ணம்மாள்தான் முதலில் பார்த்தாள். "உங்கப்பாருக்கும் ஊசிங்களா?"

பனியில் இதையே பால் வரிசை என்று நினைத்து வைத்துவிட்டுக் கூடைக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார் அப்பா, மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு. அந்தப் பக்கம் பூத்காரர் பலகையைச் சாத்தும் சத்தம். பால் தீர்ந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். கண்ணம்மாள் இருமாமல் சிரித்தாள்.

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். நகரவில்லை. ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றிக்கொண்டு, "இவ்வளவு நேரம் நின்னாச்சு. எனக்கும் பிரஷர் பாத்துரு" என்றார்.

இன்று எல்லோருக்கும் கடுங்காப்பி.