பயாலஜி என்றால் டாக்டர்

மே 6

தேர்வு முடிவு வந்துவிட்டது. உயிரியலில் வகுப்பிலேயே நான்தான் முதல். எனக்கு ஆச்சரியமில்லை. மற்றவர்கள் மனப்பாடம் செய்தார்கள், எனக்குப் பிடித்திருந்தது.

"காலேஜ்ல பயாலஜிதான் எடுப்பேன்" என்றேன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் மரச்சாமான் கடைக்கு யார் வந்தாலும், கட்டில் விலையைச் சொல்வதற்கு முன்பே "பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போறா" என்கிறார். அவருக்குப் பயாலஜி என்றால் டாக்டர். சந்தோஷத்தில் இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

மே 9

மாடிவீட்டு அத்தை வீங்கின காலைத் தூக்கி என் முன்னால் நாற்காலியில் வைத்துவிட்டார்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க அத்தை."

"அதான் காட்டறேனே!"

இனி மழுப்ப முடியாது.

மே 10

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மருத்துவம் வேண்டாம், எனக்குக் கரையான்தான் வேண்டும்.

"மரக்கடைக்காரர் வீட்டுல பொறந்துட்டு உனக்கு வேற பூச்சியே கெடைக்கலையாடி?" என்றாள். பிறகு, "அப்பாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா, நான்தான் தூண்டிவிட்டேன்பார்."

மே 11

சொல்லவில்லை. நாளைக்கு.

மே 12

சொல்லிவிட்டேன். அப்பா ஒரு பீரோக் கதவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"டாக்டருக்கு இல்லேன்னா பின்ன எதுக்கு பயாலஜி?"

"கரையானைப் பத்திப் படிக்கப்பா."

"எப்படி ஒழிக்கறதுன்னா?"

"இல்லப்பா. எப்படி வாழுதுன்னு."

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே! இனி யார் மூஞ்சில முழிப்பேன்?" மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். அந்தக் கதவு என்ன பாவம் செய்ததோ.

அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஊரெல்லாம் சொல்லுங்கன்னு நானா சொன்னேன்? இவர் பேசலேன்னா படிப்பை மாத்திக்குவேனா? மாட்டேன். ஆனா — பேசாம இருந்தா என்னால தாங்க முடியாது.

ஜூன் 3

கல்லூரியில் நேர்காணல். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் கூட வந்தார்.

ஏன் உயிரியல் என்று பேராசிரியர் கேட்டார். கேட்கவா வேண்டும்! கரையானை ஆரம்பித்தேன். மரத்தைத் தின்கிறதே தவிர, பல கரையான்களால் அதைத் தனியாகச் செரிக்க முடியாது; வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் செரித்துக் கொடுக்கின்றன என்றேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து அப்பா, "அப்போ இத்தன வருஷமா தப்பான ஆளையா திட்டிக்கிட்டிருந்தேன்?" என்றார்.

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

இடம் கிடைத்துவிட்டது.

ஜூன் 20

இன்று முதல் வகுப்பு. வாசலில் அப்பா ஒரு மரப்பெட்டியை நீட்டினார். பழுதுபார்க்க வந்த பழைய அலமாரியில் கரையான் இருந்ததாம். வழக்கமாக அந்தப் பலகையை அன்றே கொளுத்திவிடுவார். இதை அறுத்தெடுத்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.

"ஆட்டாம எடுத்துட்டுப் போ. மூடியில ஓட்டை போட்டிருக்கேன். உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டக் கூடாது."

"மரப்பெட்டியாப்பா? இதையும் தின்னுடுமே!"

"சாப்பிடட்டும். வழியில பசிக்காதா?"