பெரியவருக்கு உடம்பு சரியில்லை

பிப்ரவரி 3

பிரியமுள்ள என்ஜினியரம்மாவுக்கு,

இங்கே நலம். நீயும் கப்பலும் அப்படியே என்று நம்புகிறேன். நீ கிளம்பிய அன்று செருப்பு அலமாரிக்கு முன்னால் படுத்த பெரியவர் இன்னும் அந்த இடத்தை விடவில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டால் ஒரு காதை மட்டும் தூக்குகிறார். வருவது நான்தான் என்று தெரிந்ததும் அந்தக் காதும் விழுந்துவிடுகிறது. சொந்த வீட்டில் எனக்குக் கிடைக்கிற மரியாதை இது. பூனையார் மேனேஜரோ வழக்கம்போல ஜன்னலில் உட்கார்ந்து என் வேலையை மேற்பார்வை செய்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். மேனேஜர் கூடைக்குள்ளிருந்து போட்ட கத்தலில் ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் காரை விட்டு இறங்கவில்லை. வாத்துகள் மூக்குக்கு முன்னால் நடந்தும் குரைக்கவில்லை. சாப்பிட்டதையும் வாந்தி எடுக்கிறார். கண்டதைத் தின்றிருப்பார், சரியாகிவிடும்.

நீச்சல் குளத்தில் புது வகுப்பு ஆரம்பித்தாயிற்று. ஒரு சின்னப் பெண் தண்ணீரைப் பார்த்ததும் என் காலைக் கட்டிக்கொண்டு, "மாஸ்டர், நான் நாளைக்கு நீந்துறேனே" என்றாள். உன் ஞாபகம்தான் வந்தது. கடலில் சம்பாதிக்கிறவளுக்கு நீந்தத் தெரியாது என்று வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்?

உன்
மாஸ்டர்


பிப்ரவரி 12

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் கடிதம் சாமான் படகில் காய்கறி மூட்டையோடு வந்தது. உறையெல்லாம் வெங்காய வாசனை. வாரம் ஒரு தடவை அந்தப் படகைப் பார்க்கும்போதுதான் கரை என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. கப்பல் போன் ஆபீஸ் வேலைக்கு மட்டும்தான் என்று கேப்டன் கறாராகச் சொல்லிவிட்டார். கடலடியில் அறுந்த கேபிளின் ஒரு முனையைப் பிடித்துவிட்டோம். மறுமுனை எங்களோடு கண்ணாமூச்சி ஆடுகிறது.

பெரியவர் வாந்தி எடுப்பதை வாத்துக் கதைக்கு நடுவில் ஒளித்து எழுதினால் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஒர்க்ஷாப்புக்குப் பின்னால், கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவில் கிடந்த குட்டியை என் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தேன். நம் கல்யாணத்துக்கு அப்பாவுக்கு முன்னால் சம்மதம் சொன்னவர் அவர்தான். உங்களை முதல்முதலாகப் பார்த்த அன்றே உங்கள் மடியில் தலை வைத்துத் தூங்கினாரே, அப்போதே நான் முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் நடுவில் வந்துவிடுவேன். நாய், பூனையைச் சேர்த்துக்கொள்கிற மலை விடுதி ஒன்றை இங்கே ஒருவர் சொன்னார். நாலு பேருமாகப் போவோம்.

உங்கள்
நீந்தத் தெரியாதவள்


பிப்ரவரி 18

என் அன்புக்குரியவளுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். "ரெண்டு கிட்னியும் போயிடுச்சு மாஸ்டர். ட்ரிப்ஸ் ஏத்தினா கொஞ்ச நாள் தள்ளும். ஆனா சரியாகாது. வலி அதிகமாச்சுன்னா ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம். வீட்ல பேசிக்கிட்டுச் சொல்லுங்க" என்றார். வீட்டில் யாரோடு பேசுவது? மேனேஜரோடா?

உன் கம்பெனிக்குப் போன் செய்தேன். "குடும்பத்துல யாருக்காவது உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் சார் கப்பலுக்குத் தகவல் குடுப்போம்" என்றாள் ஒரு பெண்.

"உயிருக்கு ஆபத்துதாம்மா."

"யாருக்கு சார்? என்ன உறவு?"

மாமனார் என்று சொல்லியிருக்கலாம். உன் அப்பா தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். "நாய்" என்றேன். "ஸாரி சார்" என்று மெதுவாகத்தான் சொன்னாள். கோபப்படக்கூட வழியில்லை.

எனக்கு முன்னால் உன்னோடு இருந்தவர் அவர். நீ சொல். என்ன செய்யட்டும்?

மாஸ்டர்


பிப்ரவரி 25

மாஸ்டர்,

படகு கிளம்பப் போகிறது, நின்றுகொண்டே எழுதுகிறேன். நான் வராமல் அவரை அனுப்பிவிடாதீர்கள். எப்படியாவது தாக்குப்பிடிக்க வையுங்கள். கேப்டனிடம் கேட்டேன், "படகுல திரும்பிப் போனா உன் இடத்துக்கு ஆள் யாரு?" என்கிறார். நியாயமான கேள்விதான். கேபிளை இணைக்கத் தெரிந்தவள் இங்கே நான் ஒருத்திதான்.

அவர் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். காத்திருங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்களவள்


மார்ச் 7

அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதத்தைப் படகில் போட்ட நிமிஷத்திலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அவருக்காகவா எழுதினேன்? எனக்காகத்தான் எழுதினேன். பக்கத்தில் இருந்து வலியைப் பார்க்கிறவர் நீங்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

காற்று பலமாக அடிக்கிறது, வேலை நின்றுவிட்டது. மாதக் கடைசிக்கு முன்னால் கரை திரும்ப முடியாதாம். அதனால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். டாக்டரம்மாவைக் கூப்பிடுங்கள். பெரியவர் தலையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது போதும். இந்தத் தடவை நீங்கள் சொல்வதுதான் முடிவு. நான் ஒருநாளும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

உங்களவள்

பின்குறிப்பு, மார்ச் 13: இந்தக் காற்றில் படகு வரவே இல்லை. கடிதம் தபால் பையிலேயே கிடந்தது. தினமும் போய்ப் பையைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்றுதான் படகு கண்ணில் தெரிகிறது.


மார்ச் 10

உனக்கு,

பெரியவர் இன்று மத்தியானம் போய்விட்டார்.

நல்லபடியாகப் போகவில்லை. நாலைந்து நாளாகத் தண்ணீர்கூட நிற்கவில்லை. சமையலறைத் தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்று அங்கேயே கிடந்தார். தொட்டால் முனகினார், தொடாவிட்டாலும் முனகினார். டாக்டரம்மா நேற்று வந்து பார்த்துவிட்டு, "யாருக்காக வெச்சிருக்கீங்க?" என்று சத்தம் போட்டார். "வீட்ல அவ காத்திருக்கச் சொல்லியிருக்கா" என்றேன். "வலி அவங்களுக்கு இல்லையே" என்றார்.

இன்று காலையில் டாக்டரம்மாவுக்குப் போன் செய்ய எடுத்தேன், வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். நீ கும்பிட்டுக் கேட்டிருந்தாயே. அப்புறம் பெரியவருக்கு வலிப்பு வந்தது. நான் கத்தினேன். மேனேஜர் அலமாரிக்கு மேலே ஏறிக்கொண்டாள். பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தூக்கத் தெரிந்த எனக்கு அவரை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. அடங்கும்வரை பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னதைச் செய்தேன். யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை, அதனால் உன்னிடம் படுகிறேன். நீ வந்தாலும் உன் முகத்தைப் பார்த்துச் சாதாரணமாகப் பேச முடியுமா என்று தெரியவில்லை.

படகுத்துறைக்குப் போய்விட்டு வந்தேன். காற்று அடங்கும்வரை தபால் வாங்க மாட்டார்களாம். அடங்கியதும் போய்ப் போடுகிறேன்.

பின்குறிப்பு, மார்ச் 14: உன் ஏழாம் தேதிக் கடிதம் இன்று வந்தது, இதைப் போடவில்லை.


மார்ச் 20

அன்புள்ள மாஸ்டருக்கு,

இன்று படகில் உங்கள் கடிதம் இல்லை. எழுதக் கை வராது, புரிகிறது. என் கடிதம் பதினான்காம் தேதி உங்கள் கைக்கு வந்திருக்கும் என்று படகுக்காரர் சொன்னார். அன்றைக்கே முடிந்திருக்கும், இல்லையா?

அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் வலி தெரியாமல், உங்கள் மடியில் தூங்கிப் போனார் என்று நினைத்துக்கொள்கிறேன், அப்போதுதான் என்னால் தூங்க முடிகிறது. அந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும். கப்பல் மாதக் கடைசியில் கரை சேர்கிறது.

உங்களவள்


மார்ச் 25

என் பிரியமானவளுக்கு,

உன் கடிதம் சமயத்தில் வந்து சேர்ந்தது. நீ எழுதியிருந்தபடியே எல்லாம் செய்தேன். பெரியவர் கஷ்டப்படவில்லை.

டாக்டரம்மாவைப் பார்க்கப் போக வேண்டாம். நம் இரண்டு பேர் சார்பாகவும் நானே நன்றி சொல்லிவிட்டேன். மேனேஜரையும் வேறு டாக்டரிடம் மாற்றிவிட்டேன், குளத்துக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார்.

துறையில் நிற்பேன். கார் சுத்தமாக இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாளைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதே. ஒருமுறை எழுதிவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு வராது.

உன்
மாஸ்டர்