உன் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று

இன்று காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், பழுதான ஒரு மானிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் உன் கிளினிக் மேடம். "பையா, ஆ கயீ," என்றார். அண்ணா, வந்துவிட்டாள்.

"தமிழ் தெரியுமா?" என்று கேட்டேன். "கோயம்புத்தூராம். உங்க ஆளுதான்," என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். நீ போன பிறகு அவ்வளவு பெரிய மூச்சு நான் விட்டதாக நினைவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மெதுவாகப் படி.

வந்திருப்பவளும் உன்னைப் போல பாண்டு எழுதிக் கொடுத்துப் படித்தவள்தான். மனநல ஆலோசகர் படிப்புக்கு முழுச் செலவும் அரசாங்கத்தினுடையது, முடித்ததும் அவர்கள் சொல்லும் இடத்தில் மூன்று வருஷம் வேலை. நீ அதற்கு விண்ணப்பித்தபோது டெல்லி ஜனக்புரி வீட்டில் உன் அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். "எங்க வேணா போடுவாங்கம்மா. லடாக்ல போட்டா என்ன பண்ணுவ?"

"சரோஜினி நகர்ல ரெண்டு ஸ்வெட்டர் வாங்கிப்பேன்ப்பா."

உன் புருஷன் என்று ஜாமீன் கையெழுத்து நான் போட்டேன். "நான் ஓடிப்போயிட்டா உன்னைத்தான் பிடிப்பாங்க, அச்சா?" என்றாய். "ஓடு, பாக்கலாம்," என்றேன்.

லடாக்கில் போடவில்லை. தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழையும் சேர்த்து எழுதியிருந்தாய். வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய, நம் ஊர்க்காரர்கள் குடிசை போட்டிருக்கும் பகுதியில் ஒரு சின்ன கிளினிக். உன் தமிழை நினைத்து எனக்குத்தான் பயம். முதல் நாள் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "நான் பேசுறதக் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சதும் பேச ஆரம்பிச்சுட்டாங்க."

மேஜையில் ஒரு பிரஷர் மிஷின் வைத்திருந்தாய். மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு அந்தச் சந்தில் எந்தப் பெண்ணும் வரமாட்டாள். 'பிரஷர் பாக்கப் போறேன்' என்று சொல்லிவிட்டு வரலாம், புருஷனும் கேட்கமாட்டான், பக்கத்து வீட்டுக்காரியும் கேட்கமாட்டாள். கையில் பட்டையைச் சுற்றிவிட்டு நீ சும்மா இருப்பாய். அவர்கள் பேசுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மிஷினைச் சரி பார்க்க நான் வந்திருந்தேன். "பேசிக்கிட்டே இருந்தா தப்பா காட்டும். பேச விடாத," என்று இன்ஜினியர் புத்தியில் சொன்னேன். "காட்டட்டும். நான் நம்பரப் பாக்கவே இல்லயே," என்றாய்.

மூன்று வருஷத்தில் பாதிகூட ஆகவில்லை. மழை நின்றதும் டெங்கு வந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ஆபீஸ் நம்பரை உன் போனுக்கு ஃபார்வர்டு பண்ணு. ரெண்டு நாள்தான். நான் வந்துருவேன்னு மட்டும் சொல்லு." பண்ணினேன். உன் தலைமாட்டில் இருந்த திரையின் எண்கள் எனக்கு நன்றாகப் புரிந்தன. புரியாதவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பாண்டுப் பணத்தைக் கட்ட வேண்டியிருக்குமோ என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். வேண்டாம், இறந்தவரோடு அது முடிந்தது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஆனால் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஃபார்வர்டை எடுக்க நாலு பொத்தான் அழுத்தினால் போதும், எனக்குத் தெரியும். நான் எடுக்கவில்லை. ஜாமீன் போட்டவன் நான். உன் மீதி நாட்கள் என் தலையில் என்றுதான் பட்டது. அழவும் வரவில்லை. போனாவது எடுப்போம் என்றிருந்தேன்.

அழைத்தவர்களில் பெரும்பாலோர் விஷயம் தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார்கள். செல்வி அக்கா மட்டும் வைக்கவில்லை. கிளினிக்குக்கு வருகிறவர்கள் பெயரை நீ வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. கள்ளக்குறிச்சிப் பக்கம், நாலு பங்களாவில் பாத்திரம் தேய்க்கிறவர், உன்னை டாக்டரம்மா என்பவர். இவ்வளவும் அவரே சொன்னது. "டாக்டரம்மாவே இல்ல. இனிமே மாத்திரை எதுக்கு தம்பி?" என்று கேட்டார். எந்தச் சர்க்யூட்டிலும் நான் அப்படிப் பயந்ததில்லை.

மேடத்திடம் சொன்னேன். அவர் நேரில் போய்ப் பார்த்தார், பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார், கிளினிக்கில் இந்தி பேசும் ஆலோசகரிடம் உட்கார வைத்தார். மறுநாள் அக்கா எனக்குப் போன் பண்ணினார்.

"நல்ல பொம்பளதான் தம்பி. ஆனா எனக்குத் தெரிஞ்ச இந்தி, பாத்திரம் கழுவுறது, தரை தொடைக்கிறது, லீவு கேக்கிறது. அவ்ளோதான். அதுல எப்பிடி அழுவுறது?"

பாண்டில் படிப்பு முடிக்கும் அடுத்த குழுவில் தமிழ் தெரிந்தவர் இருந்தால் இந்த இடத்துக்கு அனுப்புவார்கள், இல்லாவிட்டால் காலியாகத்தான் கிடக்கும் என்றார் மேடம். அதுவரை அந்த அக்காவை மாத்திரையோடு பிடித்து வைத்திருக்க வேண்டும். எனக்கு என்ன தெரியும்? "சாப்டீங்களாக்கா? மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பேன். பிறகு சும்மா இருப்பேன், நீ இருந்த மாதிரி. அவர் பேசுவார். சில நாள் எதுவும் பேசாமல் குழாயில் தண்ணீர் பிடிப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

இன்று மதியம் லீவு சொல்லிவிட்டு கிளினிக்குக்குப் போனேன். புதுப் பெண் உன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். "உட்காருங்க. அது அரசாங்க நாற்காலிதான்," என்றேன். ஃபார்வர்டை எடுத்தேன், ஆபீஸ் சிம்மைக் கொடுத்தேன். "செல்வி அக்கா இன்னிக்கு வருவாங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் அங்கே இருந்தால் அவர் பேசமாட்டார். பஸ்ஸில் முழுக்க போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். வராமல் போய்விட்டால்?

வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது நான் கொடுத்திருந்த என் சொந்த எண்ணுக்கே அக்கா கூப்பிட்டார்.

"போயிட்டு வந்தேன் தம்பி. சின்னப் பொண்ணு. பத்தாவது படிக்கிற மாதிரி இருக்குது. ஆனா நல்லாக் கேக்குது."

"பேசினீங்களா?"

"பேசினேன், அழுவுனேன், எல்லாம் ஆச்சு. தமிழு ஒழுங்காப் பேசுது, அதான் சிரிக்கத்தான் ஒண்ணுமில்ல. டாக்டரம்மா பேசுனா சிரிச்சே பாதி சரியாப்பூடும்."

"மாத்திரை?"

"அத இனிமே அந்தப் பொண்ணு கேக்கட்டும். வியாழக்கிழம திரும்ப வரச் சொல்லியிருக்குது. போறேன்." பின்னால் குழாயை மூடும் சத்தம் கேட்டது. "தம்பி, நீங்க அழுவுனீங்களா?"

"இல்லக்கா."

"அதான பாத்தேன். எப்பக் கூப்ட்டாலும் ஒரே மணியில எடுத்துர்றீங்க. இனிமே நாங்க யாரும் கூப்புட மாட்டோம். வச்சுட்டு அழுவுங்க."

வைத்துவிட்டேன். உன்னிடமிருந்து நான் கற்றது ஒன்றே ஒன்று, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை சும்மா இருப்பது. அது என்னிடம் இருக்கும். நல்ல வேலை செய்தாய். அது நின்றுபோகவில்லை.

கதவைச் சாத்திவிட்டேன். போனை அணைத்துவிட்டேன்.