நாற்பத்தோராம் உறை

இன்று கல்லூரியில் உனக்கு நினைவேந்தல் நடத்தினார்கள். பந்தியில் பிரியாணி. கல்பாசி வாசனை மூக்கில் ஏறியதும் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

மேடைப் பதாகையில் உன் படத்துக்குப் பக்கத்தில் குளத்துப் பச்சைப் பாசி! மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் லைக்கன் வேறு, பாசி வேறு என்று இருபது வருடம் தலையால் தண்ணீர் குடித்தாயே, தாவரவியல் துறைக்கே அது ஏறவில்லை. “பாசி ஆராய்ச்சிக்குப் பேரிழப்பு” என்று துறைத்தலைவர் தழுதழுத்தார். உன்னை “மரம் சொறியிற மேடம்” என்று கூப்பிட்டுச் சிரித்த அதே வாய். சுற்றியிருந்த அசடுகள் கைதட்டின.

துறையில் நமக்கு ஒரே அறை, அடுத்தடுத்த மேசை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், குடமுருட்டிக் கரை இலுப்பை மரத்தில் நொறுங்கிய அப்பளம்போல் ஒட்டியிருந்த சாம்பல் நிற லைக்கனை நீ கத்தியால் பெயர்த்து வந்தாய். இனம் பார்க்க ப்ளீச்சிங் நீர் ஒரு சொட்டு விட்டாய். சிவந்தது. புத்தகங்களை எல்லாம் புரட்டிவிட்டு, “இது எதுலயும் இல்லடி. பேரே வைக்காத ஒண்ணு நம்ம ஆத்தங்கரையில இருந்திருக்கு பாரேன்!” என்று குதித்தாய். பழுப்பு உறையில் போட்டு, 41 என்று எழுதி, அலமாரியில் பூட்டினாய்.

அடுத்த வாரம் துறைத்தலைவரின் பதவி உயர்வு விருந்து. சமையலும் நம் துறைக் கட்டடத்தின் கொல்லையிலேயே. நீ மன்னார்குடிக்குப் போயிருந்தாய். மசாலாவுக்குக் கல்பாசி போதவில்லை. கல்பாசியும் லைக்கன்தான் என்பது அன்றைக்கு மட்டும் அந்த மேதைக்கு ஞாபகம் வந்தது.

“அந்தம்மா அலமாரியில கவர் கவரா இருக்குமே, எடுத்தாங்க மேடம்.”

மாற்றுச்சாவி என்னிடம் இருந்தது. அவரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசை. மரத்தில்தான் இன்னும் இருக்கிறதே என்று மேலாக இருந்த நாற்பத்தொன்றை எடுத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு வாசனை பிரமாதம் என்றும் சொன்னேன்.

நீ வந்து, “யாருடி எடுத்தா?” என்று கேட்டாய்.

“தெரியலடி.”

மறுபடி குடமுருட்டிக் கரைக்குப் பஸ் ஏறிப் போனாய். சாலையை அகலப்படுத்த இலுப்பையை வெட்டியிருந்தார்கள். வேறெந்த மரத்திலும் அது உனக்குக் கிடைக்கவில்லை. கடைசி வரைக்கும் தேடினாய். நானும் கூடவே வந்து தேடினேன், வெட்கங்கெட்டவள்.

துறைத்தலைவர் அற்பர். ஆனால் தான் தின்றது என்னவென்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

விருந்தன்று குப்பையில் பொறுக்கிய அந்த உறை இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. இன்று மாலையில் அதன் மூலையில் ஒட்டியிருந்த துகளில் ப்ளீச்சிங் நீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சிவந்தது. உன்னிடம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.