முனிராஜ் இறந்த நான்கு பக்கங்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலிருந்து சாரல். பி.பி. மாத்திரை, கரண்ட் பில், வெந்தயக்கீரை.

ரெஜிமென்ட் வரலாறு, புதுப் புத்தகம், தபாலில் வந்தது. வழவழ தாள். எங்கள் மலைச் சண்டைக்கு ஒன்றரைப் பக்கம். முனிராஜும் இன்னும் இரண்டு பேரும் ‘எதிரியின் குண்டுக்கு இரையானார்கள்’. பச்சைப் பொய். எங்கள் பீரங்கிதான், குறி தவறி. அன்றைய பதிவை டைப் அடித்த கிளார்க் நான். சில வருஷம் முன்பு அந்த ஃபைலை யாரும் பார்க்கலாம் என்று திறந்தார்கள். முறைப்படி பணம் கட்டி நகல் வாங்கினேன். இப்போது மறுபடி மூடிவிட்டார்கள். நான்கு பக்கம். வெளியே என்னிடம் மட்டும்தான் இருக்கும்போல.

படம் எடுத்து, பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 5
குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ஒரே தட்டில் தின்றவன்கள். ஒருத்தன் மட்டும் தனியாகக் கும்பிடு எமோஜி அனுப்பினான். பெரிய வீரம்.

மதியம் பெங்களூரிலிருந்து போன், ரெஜிமென்ட் ஆபீசர். மரியாதையான குரல். நகலைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். மாட்டேன் என்றேன். பென்ஷன் பேச்சை எடுத்தார். வேண்டுமானால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 7
உத்தனப்பள்ளிக்குப் போனேன். முனிராஜின் மனைவி லட்சுமம்மா வரச் சொல்லியிருந்தாள். தக்காளிக்கு விலையில்லை, செடியிலேயே அழுகல். மகன் அதே ரெஜிமென்ட், இப்போது எல்லையில். நான் போட்ட படத்துக்காக அவனைக் கூப்பிட்டு இரண்டு முறை விசாரித்திருக்கிறார்கள்.

உன் புருஷன் எப்படிச் செத்தான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டேன்.

“எனக்கு அப்பவே தெரியும்ணா. எழவுக்கு வந்த பட்டாளத்தாளுங்களே சொல்லிட்டாங்க. தெரிஞ்சுதான் இவனையும் அனுப்புனேன், வேற பொழப்பு இல்ல.”

உள்ளே போய் மகன் போட்டோவை எடுத்து வந்தாள்.

“இவன் மேல சத்தியம் பண்ணுங்கண்ணா. ஒரு காப்பிகூட வச்சிக்க மாட்டேன்னு.”

பண்ணினேன். பஸ்ஸில் அழுகை. பக்கத்து சீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டார். சளி என்றேன். இனி முனிராஜ் எதிரி குண்டில்தான் செத்தான்.

ஆகஸ்ட் 8
போனில் இருந்ததை அழித்தாயிற்று. பென் டிரைவிலும். அத்திபெலேவில் ஒரே நெரிசல், பெங்களூர் போய்ச் சேர மதியம்.

நான்கு பக்கத்தையும் ஆபீசரிடம் கொடுத்தேன். டீ கொடுத்தார். பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீது கேட்டேன். இல்லாத காகிதத்துக்கு ரசீது எப்படிக் கொடுப்பது என்றார்.