அம்மாவின் காலும் சிவப்பு மாத்திரையும்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதற்காகப் பதறாதே, முழுதும் படி.

அம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்து தகடு வைத்த இடம் வருஷக்கணக்காக ஆறுவதும் சீழ் வைப்பதுமாக இருந்ததே, எலும்புக்குள்ளேயே கிருமி குடியிருக்கிறது என்றார் புது டாக்டர். தகட்டை எடுத்து, கெட்ட எலும்பைச் சுரண்டிவிட்டு, இனி ஊசி வேண்டாம், வீட்டிலிருந்தே மாத்திரை போடலாம், ஆனால் மாதக்கணக்கில் ஒருவேளைகூட விடக்கூடாது என்றார். எலும்புக்குள் இருப்பதை விழுங்குகிற மாத்திரை என்ன செய்துவிடும் என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஆனால் புண் காய்ந்தது, உன் அம்மா மறுபடி தையல் மிஷினில் உட்கார்ந்தாள், நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

போன வாரம் பார்த்தால் மிஷின் மிதிக்கட்டையில் ஈரம். மறுபடி சீழ். டாக்டர் துருவித் துருவிக் கேட்டபிறகுதான் அழுதுகொண்டே சொன்னாள், சிறுநீர் சிவப்பாகப் போனதாம், கிட்னி போய்விட்டது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டாளாம், சொன்னால் நான் இடிந்துபோவேன் என்று மறைத்தாளாம். "அது ரத்தம் இல்லம்மா, மாத்திரையோட நிறம். முன்னாடியே சொல்லாம விட்டது என் தப்புதான்" என்றார் அவர். பாதியில் விட்டதால் கிருமி மருந்துக்குப் பழகியிருக்கலாம், சோதித்துப் பார்ப்போம், எந்த மருந்துக்கும் அடங்காவிட்டால் காலையே எடுக்க நேரலாம் என்றும் சொல்லிவிட்டார். முடிவு வரும்வரை எனக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. உன் அம்மாவோ, "ஒத்தக் கால்ல நின்னுதானே உங்களக் கட்டிக்கிட்டேன், இனியும் நின்னுக்கறேன்" என்று சிரிக்கிறாள். சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

நேற்று முடிவு வந்தது. அதே மருந்து இன்னும் கேட்குமாம். மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன், "நான் என்ன பச்சப்புள்ளையா" என்று திட்டுகிறாள். மத்தியானம் அவள் கண்ணயரும்போது காலைத் தொட்டுப் பார்க்கிறேன், கொஞ்சம் சூடாகத் தெரிந்தாலும் என் உயிர் என்னிடம் இல்லை.

லீவு போட்டு ஓடிவராதே, பயந்துவிடுவாள். தினம் போனில் மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேள், நீ கேட்டால் பொய் சொல்ல மாட்டாள். உனக்கும் உடம்பில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் மனதுக்குள் வைத்துப் புழுங்காமல் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு.

என் ஆயுசையும் சேர்த்து நீ இரு என்றுதான் எப்போதும் உன்னை வாழ்த்துவேன். இந்த ஒருமுறை அது உன் அம்மாவுக்கே போகட்டும், கோபித்துக்கொள்ளாதே. மற்ற ஆசீர்வாதமெல்லாம் உனக்குத்தான்.

உன் அப்பா