அரிசி மூட்டைக்குப் பின்னால் துவக்கு அறை

மார்ச் 3, செவ்வாய்

விடியத் தொடங்கிய தூறல் இன்னும் விடவில்லை. ஐந்தரைக்கு வேலை, முதியோர் இல்லக் குசினி. ஒன்றரைக்கு வீடு. கதவைத் திறந்தால் படி முழுக்க வெள்ளைத் தூசி. நிலத்துக்குக் கீழ் இருக்கிற கெல்லரில் இவர் சுவர் எழுப்புகிறார். மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். என் உடுப்புக் கொடியைக் காணவில்லை. ஊறுகாய்ப் போத்தல்கள் வோஷிங் மெஷினுக்கு மேல்.

துவக்கு அறையாம். வெளியில் தெரியாத மாதிரி. ஒரு பிஸ்டல், ஒரு ரைபிள் வரப்போகிறது. ஒன்றரை வருடமாக ஞாயிறு ஞாயிறாகச் சூட்டுக் கிளப்புக்குப் போனார், போகட்டும், ஏர்போர்ட்டில் கிழமை முழுக்கப் பெட்டி தூக்குகிற மனிசன் என்று விட்டேன். வீட்டுக்கே கொண்டுவர அனுமதிக் கடிதம் வந்து மூன்று கிழமை. எனக்குச் சொன்னது இன்றைக்கு.

"உமக்கு ஏன் பயம்? எல்லாம் சட்டப்படிதானே."

பயம் இல்லை. ஆத்திரம்.

மார்ச் 7, சனி

குளிர். துவக்கு வைக்கிற பெட்டகம் வந்தது. கிளப்பில் செத்துப்போன ஒரு கிழவருடையது, மகள் சும்மா கொண்டுபோகச் சொன்னாளாம். ஐந்து ஆம்பிளைகள், தூக்க இரண்டு பெல்ட், படியில் மூன்று ஓடு உடைந்தது. எனக்குத் தேத்தண்ணி போடுகிற வேலை.

மிச்சச் சாமான் எல்லாம் மலிவு:
- புத்தகத் தட்டு. தெருவில் யாரோ எடுத்துப் போகச் சொல்லி வைத்தது.
- காந்தம் 2. எங்கள் பழைய குசினி அலுமாரியிலிருந்து.
- ஜிப்சம் பலகை. தம்பி வீட்டில் மிஞ்சியது.
- கதவுப் பிணைச்சல் மட்டும் புதிது.

தட்டின் ஒரு மூலையை இழுத்தால் கதவாகத் திறக்கும். முன்னால் பத்துக் கிலோ அரிசிப் பைகளை அடுக்கிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அரிசிக்குப் பின்னால ஒருத்தரும் தேடமாட்டினம்."

மேலே வந்துவிட்டேன்.

எனக்குப் பத்து வயது. பெரியண்ணையின் கூட்டாளி ஒருவன் சாக்கில் சுற்றி ஒரு துவக்கைக் கொண்டுவந்து எங்கள் நெல்லு மூட்டைக்குப் பின்னால் வைத்தான். இரண்டு நாளைக்கு என்றான். மூன்றாம் நாள் ஆமி வந்தது. வேறெங்கும் தேடவில்லை, நேரே நெல்லு மூட்டைக்குப் போனார்கள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். அப்பாவைக் கொண்டுபோனார்கள். அப்பா திரும்பி வரவில்லை.

இவருக்கு இது தெரியும். கலியாணமான முதல் மாதமே சொன்னேன். எங்கள் வீட்டு வாசற்படிக்குள் துவக்கு வராது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர்.

மார்ச் 13, வெள்ளி

பால் காய்ச்சினோம். துவக்கு அறைக்கு. புது அறையைச் சும்மா தொடங்கக் கூடாதாம், நல்ல நேரம் பார்த்தாயிற்றாம். மறைவறைக்கு எட்டுக் குடும்பம் விருந்தாளிகள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையாக இறங்கிப் பார்த்தார்கள். படியில் நின்று கேட்டது:

"அண்ணை, எதில பிடிச்சு இழுக்கிறது?"

"இந்த மூலையில. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"அண்ணை, நான் படம் எடுத்துக் கனடாவுக்குத் தங்கச்சிக்கு அனுப்பினனான், அவையும் இப்பிடி ஒண்டு கட்டப்போகினமாம்."

இவர் ஒரு அறிவு கெட்ட மனிசன். நான் மேலே நின்று வடை சுட்டேன். சுட்டதற்கு என் மேலேயே கோபம்.

மார்ச் 21, சனி

வியாழன் துவக்குகள் வந்துவிட்டன. பெட்டகத்துக்கு நம்பர் பூட்டு. அனுமதி உள்ளவருக்கு மட்டும்தான் நம்பர் தெரியலாம், அது சட்டம்.

"உமக்குக்கூடச் சொல்ல ஏலாது," என்றார், பெரிய தளபதி மாதிரி.

சொல்ல வேண்டாம். இரண்டு நாளாக நானும் இவரோடு கதைக்கவில்லை. கறியைத் தானே சூடாக்கிச் சாப்பிடுகிறார். பல் டொக்டரைப் பார்க்கிற நேரம், மகள் ஆரணிக்கு, புதன் மூன்று மணி. மறக்கக் கூடாது.

மார்ச் 24, செவ்வாய்

ஆரணியை அரிசி எடுத்துவர அனுப்பினேன். பதினொரு வயது. கனநேரம் காணவில்லை. வந்து சொல்கிறாள்:

"அம்மா, பெட்டியின்ர நம்பர் எனக்குத் தெரியும். உங்கட பிறந்தநாள். அப்பான்ர ஃபோனும் அதுதானே, லாப்டொப்பும் அதுதானே."

"திறந்தனியா?"

"பச்சை லைற் வந்தது. கைப்பிடியத் திருப்பேல்லை."

இவர் வேலையால் வந்ததும் சொன்னேன். முதலில் சிரித்தார். கெட்டிக்காரியாம்.

"மாத்துறன், மாத்துறன். உம்மட பிறந்தநாள் எண்டா எனக்கு மறக்காது, அதுதான்."

மறக்காதாம். இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது அந்த நாளில் ஒரு கேக் வாங்கி வந்தவரா.

மார்ச் 31, செவ்வாய்

மாற்றவில்லை. இறங்கிப்போய் என் பிறந்தநாளை அழுத்திப் பார்த்தேன். பச்சை.

கேட்டால், பழைய பெட்டகம், நம்பர் மாற்றுகிற விளக்கப் புத்தகம் இல்லை, கிளப்பில் ஒருவரைக் கேட்கிறாராம். ஒரு கிழமையாகக் கேட்கிறார். கெல்லர்க் கதவைப் பூட்டித் திறப்பை என் கழுத்துச் சங்கிலியில் கொழுவியிருக்கிறேன். ஆரணியை இனி அரிசிக்கு அனுப்புவதில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

காலை பத்து மணி. மணி அடித்தது. ஆயுத அலுவலகத்திலிருந்து ஒரு ஆண், ஒரு பெண். முன்னறிவித்தல் இல்லாமல் வந்து பார்க்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. எனக்கு லீவு, இவருக்குப் பின்னேர வேலை. திறப்பைக் கொடுத்தேன்.

இவருக்கு ஒரே புழுகம், முகம் முழுக்கச் சிரிப்பு. அரிசியை விலக்கி, தட்டை இழுத்து, எல்லாம் காட்டினார். அந்தப் பெண் தட்டு வேலையைப் பாராட்டினாள். துவக்கின் இலக்கங்களைச் சரிபார்த்துவிட்டுப் பெட்டகத்தைப் பூட்டச் சொன்னாள். கடைசியாக ஒரு கேள்வி.

"நம்பர் வேறு யாருக்காவது தெரியுமா?"

"இல்லை," என்றார். கண்கூட இமைக்கவில்லை.

நான் தேத்தண்ணித் தட்டோடு கடைசிப் படியில். யோசித்ததாக நினைவில்லை. ஜெர்மனில் சொன்னேன்: "எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும்."

அந்தப் பெண் திறந்து காட்டச் சொன்னாள். தேத்தண்ணித் தட்டை அரிசிப் பைக்கு மேல் வைத்துவிட்டு ஆறு இலக்கத்தையும் அழுத்தினேன். பச்சை.

இரண்டு துவக்கையும் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு கடதாசி தந்தார்கள். அனுமதியும் போகுமாம்.

வேலைக்கு வெளிக்கிடும்போது சப்பாத்தைப் போட்டபடி இவர் சொன்னார்.

"நீர் காட்டிக் குடுத்திட்டீர்."

அம்மா சாகும்வரைக்கும் யாரென்று தெரியாத ஒரு ஆளைத் திட்டின சொல். இன்றைக்கு எனக்கு. என் வீட்டுக்குள்ளேயே. அந்த ஆளும் நானும் ஒன்றா? பிள்ளை கைப்பிடியைத் திருப்பியிருந்தால் யாரைத் திட்டியிருப்பார்? நாளைக்கு வந்து கேட்டாலும் சொல்லுவேன். அழுகை வருகிறது, அதுவும் ஆத்திரத்தில்தான்.

ஏப்ரல் 10, வெள்ளி

நல்ல வெயில். உடுப்புக் கொடியைத் திரும்பக் கட்டினேன், துவக்கு அறைக்குள்ளேயே. முதலில் காயப்போட்டது இவருடைய கிளப் சட்டை.

ஊறுகாய்ப் போத்தல்களைப் பெட்டகத்துக்குள் வைக்கலாம் என்று பார்த்தேன். வெறும் பெட்டிதானே. என் பிறந்தநாளை அழுத்தினேன். சிவப்பு. இன்னொருமுறை, மெதுவாக. சிவப்பு.

புத்தகம் இல்லாமலே மாற்றியிருக்கிறார்.